பிலிமும் பேட்டரியும் கையோடு: கேமரா எடுத்துக்கொண்டு விமானம் ஏறுபவர்களுக்கு

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் இப்போது கேமரா தூக்கும் பிள்ளைகள் இரண்டு வகை. கல்யாணம், சடங்கு, கும்பாபிஷேகம் என்று டிஜிட்டலில் தொழில் பண்ணுகிறவர்கள் ஒரு பக்கம். அப்பாவோ மாமாவோ அலமாரியில் போட்டு வைத்த பழைய நிக்கோனைத் துடைத்து, பிலிம் மாட்டி, இடிக்கப் போகிற லயத்து வீடுகளையும் செம்பனைக்கு நடுவில் தனியாக நிற்கிற தோட்டத்துக் கோவில்களையும் எடுத்துக்கொண்டு அலைகிறவர்கள் இன்னொரு பக்கம். திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் போட்டவுடன் இரண்டு கூட்டமும் கேட்பது ஒரே கேள்விதான்: எதைப் பெட்டியில் போடுவது, எதைக் கையில் வைப்பது?

சுருக்கமான பதில் இது. கழுவாத பிலிமும், கேமராவில் மாட்டாமல் தனியாக இருக்கிற லித்தியம் பேட்டரியும் எந்தக் காரணத்துக்காகவும் செக்-இன் பெட்டிக்குள் போகக்கூடாது. பிலிமைப் போட்டால் அங்கிருக்கும் மெஷின் பிலிமைக் கெடுக்கும். பேட்டரியைப் போட்டால் அது விமானத்தையே கெடுக்கலாம். மற்றதெல்லாம் எடையையும் பணத்தையும் பார்த்து நாமே முடிவு பண்ணிக்கொள்ளலாம். ஆனால் அந்த முடிவை வீட்டு மேசையில் பண்ணுங்கள், கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. கவுண்டரில் பின்னால் முப்பது பேர் நிற்கும்போது பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு பண்ணாதீர்கள்.

பிலிமுக்கு என்ன ஆகிறது

பிலிமில் இருப்பது வெள்ளி உப்புத் துகள்கள். அவற்றுக்கு வெளிச்சமும் எக்ஸ்-ரேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எது பட்டாலும் மாறிவிடும். டப்பி மூடியிருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், எக்ஸ்-ரேக்கு டப்பி ஒரு பொருட்டே இல்லை. பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சுலபமாகப் பிடிக்கும் என்று காட்டுவது அதன் மேல் இருக்கும் ஐ.எஸ்.ஓ. எண், அது ஏற ஏற பிலிம் சீக்கிரம் கெடும். 100, 200 கொஞ்சம் தாங்கும், 400 சுமாராகத் தாங்கும், 800 தாண்டினால் பயப்பட வேண்டியதுதான். 400 பிலிமை 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது தள்ளிக் கழுவுகிற (கூடுதல் நேரம் விட்டுக் கழுவுகிற) பழக்கம் இருந்தால் அதையும் 1600 போலவே நினைத்து நடத்துங்கள்.

இன்னொன்று, பட்டது போகாது, சேர்ந்துகொண்டே வரும். கோலாலம்பூரில் ஒரு தடவை, திருச்சியில் இறங்கும்போது கஸ்டம்ஸ் கைப்பையையும் மெஷினில் போடச் சொன்னால் இன்னொரு தடவை, அங்கிருந்து உள்நாட்டு விமானம் ஏறினால் ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று. இதில்லாமல் சென்னை மெட்ரோ நிலையத்தில், பெரிய மால் வாசலில் என்று பையைப் போடச் சொல்லும் இடங்கள் இந்தியாவில் நிறைய. இதை நம் ஆட்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மெட்ரோ ஏறப் போகிற அன்று, அன்றைக்குத் தேவையான ரோலை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தங்குகிற வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பேருந்தில் சிங்கப்பூர் போகிறவர்களுக்கும் இதே கதைதான், ஜொகூர் பாருவிலும் உட்லண்ட்ஸிலும் சாமான் மெஷினுக்குள் போய்த்தான் வரும்.

மெஷினில் மூன்று விதம் இருக்கிறது, எது என்ன என்று தெரிந்தால் பாதிக் கவலை போய்விடும்.

செக்-இன் பெட்டிகளுக்கான மெஷின் நம் கண்ணில் படாது, பெட்டி பெல்ட்டில் போன பிறகு உள்ளே நடக்கிற வேலை அது. அதில் கதிர் பலம். அங்கே கழுவாத பிலிம் எதுவும் தப்பும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது 100 ஆக இருந்தாலும் சரி.

கைப்பைக்கான பழைய ரக மெஷின் இரண்டாவது. மடிக்கணினியை வெளியே எடுத்துத் தனித் தட்டில் வை என்பார்களே, பெரும்பாலும் அதுதான். இதன் கதிர் குறைவு. 400 வரைக்கும் உள்ள பிலிம் ஓரிரு தடவை போய் வந்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் ஆகாது. இதற்காக அதிகாரியோடு மல்லுக்கு நின்று விமானத்தைத் தவறவிடுவது அறிவில்லாத வேலை.

மூன்றாவதுதான் இப்போதைய தலைவலி: கைப்பைக்கே வந்துவிட்ட சி.டி. ஸ்கேனர். ஆஸ்பத்திரியில் மனிதர்களைப் படுக்க வைத்து எடுப்பார்களே, அதே முறை. பையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, அதிகாரியின் திரையில் பையை எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கும்படி காட்டும். இதில் ஒரே ஒரு தடவை போனாலும் பிலிம் மங்கலாகிவிடும். கோடாக், இல்ஃபோர்டு இரண்டு கம்பெனியுமே இதற்குள் பிலிமை விடாதீர்கள் என்றுதான் சொல்கின்றன. கெட்டுப்போன நெகட்டிவில் இருந்து வந்த படத்தைப் பார்த்தால் நிழல் பகுதியில் கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்திருக்கும், துகள் பெரிதாகத் தெரியும், சில சமயம் ரோல் முழுக்க அலை அலையாக ஒரு பட்டை ஓடும். லயத்து வீட்டின் உள்ளே ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படங்களில்தான் இது முதலில் தெரியும், வெயிலில் எடுத்ததில் அவ்வளவாகத் தெரியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? சி.டி. மெஷின் பெரிதாக, வாய்ப் பகுதி பெருத்து, விமான என்ஜினைப் படுக்க வைத்தது மாதிரி இருக்கும். தட்டு ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு உள்ளே போகும். அதை விடச் சுலபமான அடையாளம், மடிக்கணினியை எடுக்க வேண்டாம், எல்லாம் பைக்குள்ளேயே இருக்கட்டும் என்று அவர்களே சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. பிலிம் வைத்திருக்கிறவர் அந்த இடத்தில் உஷாராக வேண்டும். சிங்கப்பூர் சாங்கியின் 4ஆம் முனையம் 2017இல் திறந்தபோதே இந்த ரகத்தோடுதான் திறந்தது. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்ஹோலில் கைப்பைச் சோதனைக்கு இதுதான். உலகம் முழுக்கப் பழையதை எடுத்துவிட்டு இதைத்தான் வைத்துக்கொண்டு வருகிறார்கள், அதனால் போன தடவை போனபோது ஒன்றும் ஆகவில்லையே என்பது இந்தத் தடவைக்குச் செல்லாது. ஒரே விமான நிலையத்தில் ஒரு வரிசையில் பழையதும் பக்கத்து வரிசையில் புதியதும் இருப்பதுகூட உண்டு.

உடம்பைச் சோதிக்கிற வாசலைப் பற்றிப் பயம் வேண்டாம். மெட்டல் டிடெக்டர் காந்தப் புலத்தில் வேலை செய்வது, பிலிமை ஒன்றும் பண்ணாது.

கையால் பார்க்கச் சொல்லிக் கேட்பது

அமெரிக்காவில் பிலிமை மெஷினில் போடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கப் பயணிக்கு விதியிலேயே இடம் இருக்கிறது. இங்கேயும் இந்தியாவிலும் அப்படி நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே நிற்கிற அதிகாரியின் மனதைப் பொறுத்தது. ஆகவே அவர் வேலையைச் சுலபமாக்கிக் கொடுப்பதுதான் வழி.

எல்லா ரோலையும் அட்டைப் பெட்டியில் இருந்து எடுத்துவிடுங்கள். கறுப்பு டப்பியில் இருந்தால் அதையும் கழற்றி, ரோல்களை மட்டும் ஒரு சிப் வைத்த, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பையில் போடுங்கள், ஐ.எஸ்.ஓ. எண் வெளியே தெரியும்படி. டப்பி இல்லாமல் தாளோடு சுற்றி வருகிற அகலமான 120 ரோல் என்றால் உறையோடு இருக்கட்டும், அட்டைப் பெட்டி மட்டும் வேண்டாம். மேலாகத் தெரிகிற இடத்தில் 3200 பிலிம் ஒன்று இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். இல்ஃபோர்டு டெல்டா 3200, கோடாக் டி-மேக்ஸ் பி3200 மாதிரி ஒன்று. பழைய மெஷின்களில் 800க்குக் கீழே ஒன்றும் ஆகாது என்று அதிகாரிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பதால், 3200 என்ற எண்ணைப் பார்த்தவுடன் பலர் தலையாட்டிவிடுவார்கள். ராத்திரி ரதம் எடுக்கவும் அந்த ரோல் உதவும், வீண் செலவில்லை.

பையைத் தட்டில் வைக்கிற நேரத்தில் பிலிம் ஏற்கனவே கையில் இருக்க வேண்டும். பை பாதி உள்ளே போன பிறகு ஐயோ பிலிம் என்று கத்தினால் எந்த ஊர் அதிகாரிக்கும் கோபம்தான் வரும். கூட்டம் குறைவான வரிசையாகப் பார்த்து நில்லுங்கள். கே.எல்.ஐ.ஏ.யில் மலாயில் மரியாதையாகக் கேட்டால் ஆங்கிலத்தை விட நன்றாக எடுபடும்: "என்சிக், இனி பிலெம் கமெரா. காலாவ் மாசோக் மெசின், ரோசாக். போலே பெரிக்சா டெங்கான் தாங்கான்?" (ஐயா, இது கேமரா பிலிம். மெஷினுக்குள் போனால் கெட்டுவிடும். கையால் சோதிக்க முடியுமா?) பெண் அதிகாரி என்றால் என்சிக்குக்குப் பதில் புவான். சிரித்த முகமாகக் கேளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். பிலிம் என்றால் என்னவென்றே பார்த்திராத இளம் அதிகாரிகள் இப்போது நிறைய, அவர்கள் மேலதிகாரியைக் கூப்பிட்டால் அது மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒத்துக்கொண்டால் பையைத் திறந்து ரோலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், சிலர் துணி மாதிரி ஒரு சின்னப் பட்டையால் ரோலைத் துடைத்து வெடிமருந்து தடயம் பார்க்கும் கருவியில் வைப்பார்கள். அதனால் பிலிமுக்குக் கேடில்லை. ரோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிலிம் நுனியை, அதாவது வாலை, பிடித்து இழுக்க மட்டும் விடாதீர்கள்.

இந்திய விமான நிலையங்களில் பாதுகாப்பில் நிற்பவர்கள் மத்தியப் படையினர், திருச்சியிலும் சென்னையிலும் கூட நிறையப் பேருக்கு இந்திதான் வரும். அங்கே "சார், ஃபிலிம் ரோல், ஹேண்ட் செக் ப்ளீஸ்" என்று சொல்லிப் பையை உயர்த்திக் காட்டினால் போதும், நீளமாக விளக்கப் போக வேண்டாம். கேமராவையும் லென்சையும் தனித் தட்டில் எடுத்து வைக்கச் சொல்வார்கள், அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

முடியாது என்றால்? பழைய மெஷின், பிலிம் 400க்குள் என்றால் சரி என்று போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். சி.டி. என்றால் மேலதிகாரியிடம் ஒரு தடவை கேளுங்கள், பழைய மெஷின் உள்ள வரிசை இருந்தால் அங்கே போகட்டுமா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வேறு வழியில்லை, பாதுகாப்பு வரிசையில் வாக்குவாதம் பண்ணி ஜெயித்தவர் யாரும் இல்லை.

இதனால்தான் நான் சொல்வது, சி.டி. நிச்சயம் என்று தெரிகிற ஊருக்குப் போனால் பிலிமை அங்கேயே வாங்கி, அங்கேயே கழுவிக்கொண்டு வாருங்கள். கழுவிய நெகட்டிவை எந்த மெஷினும் ஒன்றும் பண்ண முடியாது. பெரிய நகரங்களில் கலர் கழுவுகிற கடை தேடினால் கிடைக்கும், கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் கொடுத்துவிட்டால் நெகட்டிவாகவே கையில் வந்துவிடும்.

பாதி எடுத்த ரோல் கேமராவில் இருந்தால்

கேமராவுக்குள் பிலிம் இருக்கும்போது கேமராவை மெஷினில் போடத்தான் சொல்வார்கள், இல்லையென்றால் பின்கதவைத் திறந்து காட்டச் சொல்வார்கள். இரண்டுமே நமக்கு நஷ்டம். முதல் யோசனை, விமானம் ஏறும் முன் ரோலை முடித்துவிடுவது. காலையில் கிளம்பும்போது மிச்சம் ஆறு ஏழு படம் இருந்தால் பசியாறும் இடத்திலேயே ரொட்டி தட்டுகிற அண்ணனை எடுத்து முடித்துவிடுங்கள்.

முடிக்க மனமில்லையென்றால் பாதியில் சுற்றி எடுத்து மறுபடி மாட்டலாம், கையால் சுற்றுகிற கேமராவாக இருந்தால். கேமராவின் மேலே எத்தனையாவது படம் என்று காட்டும் கவுண்டரில் என்ன எண் என்று பாருங்கள், 17 என்று வைத்துக்கொள்வோம். அடியில் இருக்கும் பட்டனை அழுத்தி, கிராங்கை எடுத்து மெதுவாகச் சுற்றுங்கள், காதைக் கேமராவோடு வைத்துக்கொண்டு. கை இறுகலாகவே போகும், கடைசியில் ஒரு இடத்தில் இறுக்கம் இன்னும் கொஞ்சம் கூடி, சட்டென்று விட்டுப்போகும், உள்ளே ஒரு சின்னச் சத்தம் கேட்கும். வால் மறுபக்க உருளையில் இருந்து கழன்றுவிட்டது என்று அர்த்தம். அரைச் சுற்று மட்டும் சுற்றி அங்கேயே நிறுத்துங்கள். இப்போது கதவைத் திறந்தால் பிலிம் ரோலுக்குள் போயிருக்கும், வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் மார்க்கரால் 17 என்று எழுதி, நுனியை மடித்து வையுங்கள், இல்லையென்றால் புது ரோல் என்று நினைத்து மறுபடி மாட்டி ஒன்றின் மேல் ஒன்றாக எடுத்துவிடுவோம்.

போய்ச் சேர்ந்த பிறகு நிழலான இடத்தில் வழக்கம்போல மாட்டுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, ஷட்டரை உச்ச வேகத்துக்கு வைத்து, துவாரத்தைச் சின்னதாக்கி, கவுண்டர் 19 வரும்வரை வெறுமனே தட்டிக்கொண்டே போங்கள். இரண்டு படம் வீணாகும், போகட்டும். மோட்டார் வைத்த கேமராக்கள் பெரும்பாலும் வாலையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும், அவற்றில் இந்த வேலை வேண்டாம்.

எக்ஸ்-ரேயைத் தடுக்கும் என்று விற்கிற ஈயப் பை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வாங்காதீர்கள். திரையில் ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரியும், என்ன இது என்று பையைத் திறப்பார்கள், திறந்து எடுத்து மறுபடி மெஷினில் போடுவார்கள். அந்தக் காசுக்கு இரண்டு ரோல் வாங்கலாம்.

இன்ஸ்டாக்ஸ் வைத்திருக்கிற பிள்ளைகளே, உங்கள் பிலிம் ஐ.எஸ்.ஓ. 800. விளையாட்டுச் சாமான் மாதிரி இருப்பதால் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அதுவும் பிலிம்தான், கையில் வையுங்கள். ஒரு தடவை எடுத்துத் தூக்கிப்போடுகிற கேமராவும் அப்படியே.

டிஜிட்டல்காரர்களுக்கு இந்தக் கவலை எதுவுமில்லை, மெமரி கார்டையும் சென்சாரையும் இந்த மெஷின்கள் ஒன்றும் பண்ணாது. உங்களுக்கான தலைவலி அடுத்தது.

பேட்டரி

லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் இருக்கிற இடத்தில் யாராவது பார்த்து அணைக்கலாம், சாமான் அறையில் பார்க்க ஆளில்லை. அதனால்தான் உதிரிப் பேட்டரி எல்லாம் கைப்பையில் என்று உலகம் முழுக்க விதி. கணக்கு வாட்-அவரில் வரும்: வோல்ட்டை ஆம்ப்-அவரால் பெருக்குங்கள். சோனி என்.பி.-எஃப்.இசட்.100 பேட்டரி 7.2 வோல்ட், 2280 மில்லி ஆம்ப்-அவர், பெருக்கினால் 16.4 வாட்-அவர். 100 வாட்-அவர் வரைக்கும் அனுமதி கேட்கத் தேவையில்லை, பொது விதிப்படி ஆளுக்கு 20 உதிரி வரை. 100க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், அதுவும் இரண்டே இரண்டு. 160 தாண்டினால் பயணியாகக் கொண்டு போக முடியாது.

கல்யாணக்காரர்கள் பயன்படுத்துகிற கோடோக்ஸ் ஏ.டி.200 ஃபிளாஷ் பேட்டரி 14.4 வோல்ட், 2900 மில்லி ஆம்ப்-அவர், கிட்டத்தட்ட 42 வாட்-அவர். பிரச்சினையில்லை, ஆனால் ஃபிளாஷில் இருந்து கழற்றி, முனையில் டேப் ஒட்டிக் கைப்பையில் வையுங்கள். ஒவ்வொரு பேட்டரிக்கும் பிளாஸ்டிக் மூடி இருந்தால் மூடி, இல்லையென்றால் டேப். சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கிற பையில் வெறும் பேட்டரியைப் போடுகிற ஆள் நம்மில் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். எழுத்து அழிந்துபோன, பெயர் தெரியாத கம்பெனியின் பேட்டரியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்: எத்தனை வாட்-அவர் என்று படிக்க முடியவில்லையென்றால் பிடுங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு அது போதும். உப்பிப்போனது என்றால் கேட்கவே வேண்டாம்.

பவர் பேங்க்கும் உதிரிப் பேட்டரிதான். 20,000 மில்லி ஆம்ப்-அவர் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி 74 வாட்-அவர், சரி. 30,000 என்றால் 111, ஒப்புதல் இல்லாமல் ஏற்ற முடியாது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் புசானில் ஒரு விமானம் தரையில் நின்றபடியே எரிந்ததில் இருந்து பவர் பேங்க் மேல் எல்லோருக்கும் ஒரு கண். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்க்கால் சார்ஜ் பண்ணவே கூடாது என்றது, மற்ற நிறுவனங்களும் வரிசையாகக் கெடுபிடியைக் கூட்டின. தலைக்கு மேல் உள்ள அறையில் வைக்காமல் இருக்கைக்குக் கீழேயோ கைக்கெட்டும் இடத்திலோ வையுங்கள். இந்த விதி மாதத்துக்கு மாதம் மாறுகிறது, கிளம்பும் முந்தின நாள் விமான நிறுவனத்தின் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஏழு கிலோ

ஏர் ஆசியா, மலேசியா ஏர்லைன்ஸ், இண்டிகோ எதை எடுத்தாலும் சாதாரண வகுப்பில் கைப்பை 7 கிலோதான். இரண்டு கேமரா பாடி, ஒரு 70-200 லென்ஸ், ஒரு 24-70 லென்ஸ், மடிக்கணினி வைத்தாலே தாண்டிவிடும், பையே தனியாக இரண்டு கிலோ இருக்கும். சக்கரம் வைத்த கேமராப் பெட்டி பார்க்க அழகு, ஆனால் 7 கிலோ விதிக்கு அது எதிரி. சாதாரணத் துணிப் பையில், உள்ளே பஞ்சு வைத்த தடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். கனமான லென்சோடு ஒரு பாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த உபாயம், சில கவுண்டரில் விடுவார்கள், சில கவுண்டரில் அதையும் தராசில் வை என்பார்கள். தொழிலுக்குப் போகிறவர் கூடுதல் கைப்பை எடைக்கு ஆன்லைனிலேயே பணம் கட்டிவிடுவது மலிவு, கவுண்டரில் கட்டினால் வயிறு எரியும்.

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: விமான வாசலில் நிற்கும்போது, மேலே இடமில்லை, உங்கள் பையைக் கீழே அனுப்புகிறோம் என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்த நிமிஷத்தில் பிலிமும் பேட்டரியும் அந்தப் பைக்குள் இருந்தால் அத்தனை ஏற்பாடும் போச்சு. ஆகவே பிலிம், பேட்டரி, மெமரி கார்டு மூன்றையும் பைக்குள்ளே ஒரு தனிச் சின்னப் பையில் வைத்து, ஒரே இழுப்பில் வெளியே எடுக்கும்படி மேலாக வையுங்கள். பையைக் கொடு என்றால் சின்னப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பெரியதைக் கொடுங்கள்.

டிரைபாட், லைட் ஸ்டாண்ட், ஆலன் சாவி, ஸ்குரூடிரைவர், கத்தி வைத்த மல்டி-டூல் எல்லாம் பெட்டியில். டிரைபாடின் தலையைக் கழற்றித் துணிகளுக்கு நடுவில் சுற்றி வைத்தால் உடையாது. லென்ஸ் துடைக்கும் திரவம் 100 மில்லிக்குள் என்றால் கையில் வரலாம். காற்று அடைத்த டப்பா எங்கேயும் வராது, ரப்பர் ஊதியே போதும். பிலிம் கழுவும் கெமிக்கலைக் கொண்டு போகலாம் என்ற யோசனையே வேண்டாம்.

கஸ்டம்ஸ்

விலையுள்ள சாமான்களின் வரிசை எண், வாங்கிய ரசீது இரண்டையும் போனில் படமாகவும் ஒரு தாளிலும் வைத்திருங்கள், இது அங்கே வாங்கியதா இங்கிருந்து கொண்டு போனதா என்று போகும்போதும் வரும்போதும் கேட்கலாம். ஒரே மாதிரி பாடி மூன்று, புது அட்டைப் பெட்டியோடு கொண்டு போனால் விற்கத்தான் போகிறார் என்று நினைப்பார்கள். பெட்டியை வீட்டில் விடுங்கள். காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுக்கப் போகிறவர்கள் சுற்றுலா விசாவில் அதைச் செய்ய முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

டிரோனை இந்தியாவுக்குக் கொண்டு போகாதீர்கள். 2022 பிப்ரவரியில் இருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு அங்கே தடை, கஸ்டம்ஸில் பிடித்தால் திரும்பக் கிடைப்பது சந்தேகம். கோவில் கோபுரத்தை மேலிருந்து எடுக்க வேண்டுமென்றால் அனுமதி வைத்திருக்கிற உள்ளூர் ஆளைப் பிடியுங்கள்.

வீட்டிலிருந்து விமான நிலையம் வரை

தோட்டப்புறத்துக்காரர்களுக்கு மெஷினுக்கு முன்னாலேயே ஒரு எதிரி உண்டு, சூடு. சுங்கை சிப்புட்டில் இருந்து கே.எல்.ஐ.ஏ. வரை காரில் போனால் பிலிம் பையைக் காரின் பின்பக்கச் சாமான் அறையில் போடாதீர்கள். நெடுஞ்சாலையில் சாப்பிட நிறுத்தி ஒரு மணி நேரம் வெயிலில் விட்டால் அதற்குள் அவ்வளவு சூடாகும், கலர் பிலிமின் நிறம் ஒரு பக்கமாகச் சாயும். ரயிலில் போவது இதற்கும் நல்லது, இ.டி.எஸ்.ஸில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயில், பை மடியிலேயே இருக்கும். பிரிட்ஜில் வைத்த ரோலை கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே வெளியே எடுத்து, உறையைப் பிரிக்காமல் வையுங்கள், உடனே பிரித்தால் ஈரம் பூத்துவிடும். கேமராவும் அப்படித்தான், குளிரான விமானத்தில் இருந்து திருச்சி வெயிலில் இறங்கியவுடன் பையைத் திறந்தால் லென்சுக்குள் ஆவி படியும். அரை மணி நேரம் பையை மூடியே வையுங்கள், சொந்தக்காரர் மாலையோடு நின்றாலும் போனில் எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்த பிறகு எந்த ரோல் எத்தனை தடவை மெஷினில் போனது என்று ரோலின் மேலேயே ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டுங்கள். சி.டி.யில் போனதை மற்றதோடு கலக்காமல் தனியாகக் கொடுத்து, தள்ளிக் கழுவ வேண்டாம், சாதாரணமாகவே கழுவுங்கள் என்று சொல்லுங்கள். தள்ளிக் கழுவினால் மங்கலும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வரும். கழுவுகிற கடை வெளிநாட்டில் இருந்து, கூரியரில் அனுப்ப நினைத்தால் அங்கேயும் பார்சல் மெஷினுக்குள் போகும், அதனால் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நல்லது.